கடல் கடந்து ஆட்டம் பார்த்த கதை

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பதுளையில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில், மெல்பேர்ண் கிளையின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு ‘புலம்பெயர்ந்த நாட்டில் நம் பண்பாடு’. அந்தத் தலைப்பில் என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த மண்டபத்தில் நாற்பது பேராவது இருப்பீர்கள். எங்கள் வீட்டிலும் தைப்பொங்கல் பொங்குகிறது, தீபாவளிக்கு முறுக்குச் சுடுகிறோம், பிள்ளைகள் பரதநாட்டிய வகுப்புக்குப் போய்ப் பாதியில் நிறுத்துகிறார்கள். இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அதனால் தலைப்பை மாற்றித் தரும்படி கேட்டேன். முப்பத்தைந்து வருடமாக நான் விடாமல் செய்து வந்த ஒரு காரியத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். “என்ன காரியம்?” என்று செயலாளர் கேட்டார். “டீவியில் நம் நாட்டு ஆட்டம் பார்க்கிறது” என்றேன். அவர் சிரித்தார், ஆனாலும் இருபத்தைந்து நிமிடம் தந்தார். ஐந்து நிமிடம் வணக்கம் சொல்லியே போய்விட்டது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை, டவுனில் பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மலைத்தோட்டத்தில் மட்டமான நிலம் கிடைப்பது அரிது. மட்டமாக ஓர் இடம் இருந்தால் அங்கே தேயிலை நட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் ஸ்டோர் கட்டியிருப்பார்கள். எஞ்சுவது பிரட்டுக்களமும் கோயில் முன்றிலும்தான். எங்கள் தோட்டம் பசறைப் பக்கம். அங்கே பையன்கள் பிரட்டுக்களத்தில்தான் உதைபந்து ஆடுவார்கள், அதுவும் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு. ஒரு பக்கம் மண்மேடு, மறு பக்கம் பள்ளம். பந்து பள்ளத்தில் விழுந்தால் ஆட்டம் அரை மணி நேரம் நின்றுவிடும். அதற்காகவே அணியில் சேராத ஒரு சின்னப் பையனைக் கீழே தேயிலைக்குள் நிற்க வைப்பார்கள். அவனுக்கு ஆட்டம் தெரியாது, மேலேயிருந்து பந்து வருவது மட்டும்தான் தெரியும். நாங்கள் பெண் பிள்ளைகள் பீலிக்கரையில் வாளியை வைத்துவிட்டு, அது நிரம்பும் வரைக்கும் பார்ப்போம். வாளி நிரம்பி வழிந்தும் நின்றால், “என்னா புள்ள, பந்தையா பாத்துக்கிட்டு நிக்கிற?” என்று ஏதாவது ஒரு பாட்டி கேட்பார். பந்து பார்க்கிறது பொம்பளைப் பிள்ளைக்கு அவ்வளவு நல்லதல்ல என்று ஓர் எண்ணம் இருந்தது.

பந்தைக் கையில் எடுத்தது இந்தப் பாடசாலையில்தான். வலைப்பந்து. இதோ இந்த முற்றத்தில், கூழாங்கல்லும் மண்ணும் கலந்த தரையில், வெறுங்காலோடு. மழை பெய்த மறுநாள் முழங்கால் தேயாமல் யாரும் வீட்டுக்குப் போனதில்லை. நான் இரண்டாவது அணியில் கோல் கீப்பர். என் தோழிகள் இங்கே இருக்கிறார்கள், என் ஆட்டத்தைப் பற்றி அவர்களைக் கேட்டுவிடாதீர்கள்.

ரூபவாஹினி தொடங்கியது 1982 பெப்ரவரியில். எங்கள் தோட்டத்தில் முதலில் டீவி வந்தது பெரிய கிளாக்கர் வீட்டுக்கு. ஆட்டம் நடக்கிற நாளில் அந்த வீட்டு விறாந்தையிலும் யன்னலிலும் தலைகளாக இருக்கும். ஒருவர் கூரையில் அன்டெனாவைப் பிடித்துக்கொண்டு, “வந்துருச்சா? வந்துருச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பாவம், அந்த மனிதர் ஓர் ஆட்டமும் பார்த்ததில்லை.

அடுத்த வருடம் ஜூலை. பதுளை நகரத்துக் கடைகள் எரிந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதைப் பற்றி இன்றைக்கு நீட்டிப் பேசப் போவதில்லை. நான் 1989இல் திருமணமாகி மெல்பேர்ணுக்குப் போனேன். போன காரணங்களில் அந்த ஜூலையும் ஒன்று என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல இருப்பது அப்போதுதான் புரியும்.

மெல்பேர்ணில் நான் டீவியில் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தது கிரிக்கெட்டுக்காக அல்ல. அப்போது ஊருக்குத் தொலைபேசி எடுப்பது ஒரு நாள் சம்பளத்தைத் தின்னும், கடிதம் வந்து சேர இரண்டு வாரமாகும். கொழும்பில் நடக்கும் ஆட்டம் டீவியில் வந்தால், ஓவருக்கும் ஓவருக்கும் இடையில் கெமரா பார்வையாளர் பக்கம் திரும்பும். அங்கே வெள்ளைச் சட்டை போட்ட பாடசாலைப் பிள்ளைகள் இருப்பார்கள். கறுப்புக் குடை பிடித்த ஒரு தாத்தா இருப்பார். கடலை விற்பவர் போவார். பப்பரே வாத்தியம் கேட்கும். மைதானத்தில் காகம் இறங்கும். மெல்பேர்ணில் காகம் இல்லையா என்று கேட்பீர்கள், இருக்கிறது, ஆனால் அது கத்துவது வேறு மாதிரி. “நீ ஆட்டம் பார்க்கிறாயா, ஆள் பார்க்கிறாயா?” என்று என் கணவர் கேட்பார். பிற்காலத்தில் பல்லேகலையில் மைதானம் வந்த பிறகு இன்னும் மோசம். அங்கே கெமரா சற்று உயர்ந்தால் மலை தெரியும், மலைமேல் மேகம் இறங்குவது தெரியும். மழைக்காக ஆட்டம் நின்றால் மற்றவர்கள் டீவியை நிறுத்துவார்கள். நான் அப்போதுதான் நன்றாகச் சாய்ந்து உட்காருவேன்.

இனி 1995 டிசெம்பர் 26. மெல்பேர்ண் மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கும் இலங்கைக்கும் டெஸ்ட். நான் முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வந்து, தூங்காமல் டீவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். முத்தையா முரளிதரன் பந்து வீசுகிறார். நடுவர் டரல் ஹெயார் ‘நோ போல்’ என்று கையை நீட்டுகிறார். கோட்டைத் தாண்டியதற்காக அல்ல, கையை மடக்கி எறிகிறார் என்று. மறுபடியும். மறுபடியும். மூன்று ஓவர்களில் ஏழு தடவை. அர்ஜுன ரணதுங்க வந்து பேசுகிறார். முரளி மறுமுனைக்கு மாறி வீசுகிறார். அந்தப் பக்கத்து நடுவர் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. அது வரைக்கும் நான் ஊர் பார்ப்பதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தவள். அந்த ஏழு தடவைகளுக்குப் பிறகு எனக்கு ஓர் ஆள் இருந்தார். கண்டியில் பிறந்தவர். அவருடைய தாத்தா தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்து வேலைக்கு வந்தவர். என் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத முழங்கை அவருக்கு. அதைப் பற்றி மருத்துவர்களும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களும் பிற்பாடு அளந்து சொன்னதெல்லாம் வேறு கதை. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், உலகம் பார்க்கிற ஓர் இடத்தில் நம் பிள்ளை ஒருவனை நிற்க வைத்து “உன் பிறப்பிலேயே பிழை” என்கிறார்கள் என்பதுதான். தோட்டத்தில் பிறந்த நமக்கு அந்த வார்த்தை புதிதல்ல. மறுநாள் வேலை இடத்தில் ஒரு வெள்ளைக்காரத் தாதி, “உங்கள் பந்துவீச்சாளர் எறிகிறாராமே?” என்றார். உங்கள் என்றார். இலங்கையில் இருபத்தைந்து வருடம் இருந்தபோது இலங்கையின் எதையும் யாரும் என்னிடம் “உங்கள்” என்று சொன்னதில்லை.

அடுத்த மூன்று மாதத்தில் உலகக் கிண்ணம். 1996 ஜனவரி 31இல் கொழும்பில் மத்திய வங்கிக் குண்டு. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்துவிட்டன. எங்கள் தெருவில் எங்களைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கேள்வி எல்லோர் முகத்திலும் இருந்தது.

அரையிறுதி மார்ச் 13, கல்கத்தா ஈடன் கார்டன்ஸ், இந்தியாவோடு. இந்த ஆட்டத்தை நான் பார்த்ததைவிட என் அத்தை பார்த்ததைச் சொல்ல வேண்டும். 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி ஐந்து இலட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று ஆளைப் பிரித்தார்களே, அந்தக் கணக்கில் எங்கள் குடும்பத்தில் அத்தை அந்தப் பக்கம், அப்பா இந்தப் பக்கம். எழுபதுகளில் பதுளையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார். இங்கே இருந்த வரைக்கும் அவர் இந்தியாக்காரி. அங்கே போன நாள் முதல் சிலோன்காரி.

அன்றைக்கு அத்தை பக்கத்து வீட்டில் ஆட்டம் பார்த்திருக்கிறார். இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 98இல் இருந்து எட்டு விக்கெட்டுக்கு 120 என்று சரிந்தது. மைதானத்தில் போத்தல் பறந்தது, பார்வையாளர் பக்கம் தீ வைத்தார்கள். ஆட்டத்தை நிறுத்தி வெற்றியை இலங்கைக்குக் கொடுத்தார்கள். அத்தை எழுதிய கடிதம் இரண்டு வாரம் கழித்து வந்தது. “நம்ம ஊரு ஜெயிச்சிருச்சி. எல்லாரும் அழுவுறாங்க. நான் மட்டும் எப்புடி சிரிக்கிறது? கொல்லப்பக்கம் போயி சிரிச்சிட்டு வந்தேன்” என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அத்தை இல்லை.

இறுதி ஆட்டம் மார்ச் 17, லாகூரில். மெல்பேர்ணில் அப்போது ஞாயிறு இரவு. முடியும்போது திங்கள் விடியப் போகிறது. எதிரணி அவுஸ்திரேலியா, நான் குடியுரிமை எடுத்திருந்த நாடு. அவர்கள் 241. அரவிந்த டி சில்வா மூன்று விக்கெட், பிறகு ஆட்டமிழக்காமல் 107. ஏழு விக்கெட்டால் வென்றோம். எங்கள் வீட்டில் பதினொரு பேர் இருந்தோம், அதில் சிங்களவர்கள் ஐந்து பேர். என் கணவரோடு வேலை செய்தவர்கள். வென்ற நேரம் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். உண்மையான கட்டிப்பிடிப்புதான், நடிப்பு இல்லை. ஆனால் அந்த அறையில் யாரும் 1983 என்று சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அந்த அதிகாலையில் அது இரண்டுமே இருந்தது.

இங்கே உங்களுக்கு ஒரு விடயத்தை நினைவுபடுத்த வேண்டும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களில் ஏழு இலட்சம் பேரளவில் நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது 2003இல். அப்படியென்றால், 1996இல் உலகக் கிண்ணம் வந்த அன்று இந்த மலைகளில் லயத்துக்கு முன்னால் வெடி கொளுத்தியவர்களில், சட்டப்படி இந்த நாட்டவர் அல்லாதவர்களும் இருந்தார்கள். அந்த நாட்டின் வெற்றியை அந்த நாடு ஏற்றுக்கொள்ளாதவர்கள் கொண்டாடினார்கள். அதை ஏமாளித்தனம் என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். நான் அப்படி நினைக்கவில்லை. நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று சொல்ல அவர்களுக்குக் கிடைத்த வழிகளில் அதுவும் ஒன்று.

மெல்பேர்ணில் இன்னொரு பக்கமும் உண்டு. போர் நடந்த காலத்திலும் முடிந்த பிறகும், இலங்கை அணியைப் புறக்கணியுங்கள் என்று மைதான வாசலில் துண்டுப்பிரசுரம் கொடுத்தவர்கள் நம் தமிழர்களே. அதைக் கொடுத்த ஒரு தம்பி யாழ்ப்பாணத்தில் தன் தமையனை இழந்தவர். அவரிடம் நான் வாக்குவாதம் செய்யவில்லை, பிரசுரத்தை வாங்கிக்கொண்டேன். உள்ளேயும் போனேன். 2020இல் முரளியின் வாழ்க்கையைப் படமாக்கப் போகிறார்கள், விஜய் சேதுபதி நடிக்கிறார் என்றதும் தமிழ்நாட்டிலும் நம் ஆட்களிடையேயும் எழுந்த எதிர்ப்பு உங்களுக்குத் தெரியும். அவர் விலகிவிட்டார், படம் வேறு நடிகரோடு 2023இல் வந்தது. முரளி சொன்ன அரசியல் வார்த்தைகளில் எனக்கு உடன்பாடில்லாதவை உண்டு. அந்தத் தாய்மாரின் துயரத்தைப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள் என்று எண்ணியதும் உண்டு. ஆனாலும் 2010 ஜூலை 22, காலியில், கடைசி டெஸ்ட்டில், 799இல் நின்றுகொண்டு, இந்தியாவின் கடைசி விக்கெட்டுக்காக அவர் ஓவருக்கு மேல் ஓவர் வீசியபோது, என் கை நடுங்கியதை நான் மறைக்க மாட்டேன். ஓஜா அடிக்க, ஸ்லிப்பில் மஹேல பிடித்தார். எண்ணூறு. நான் சமையலறைக்குப் போய்த் தேத்தண்ணீர் வைத்தேன். அந்த நேரத்துக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

2022. எரிபொருள் வரிசை, மருந்துத் தட்டுப்பாடு. தோட்டங்களில் ஒரு நேரச் சாப்பாட்டைக் குறைத்த குடும்பங்கள். நீங்கள் இங்கே இருந்து அனுபவித்தீர்கள், நாங்கள் பணம் அனுப்பிவிட்டு டீவி பார்த்தோம். அந்த ஜூன் 24ஆம் திகதி கொழும்பில் அவுஸ்திரேலியாவோடு கடைசி ஒருநாள் ஆட்டம். இலங்கை ரசிகர்கள் தங்கள் நாட்டு நீலத்தை விட்டு எதிரணியின் மஞ்சளை உடுத்துக்கொண்டு வந்தார்கள், இந்த நேரத்திலும் வந்து ஆடியதற்கு நன்றி என்று பதாகை பிடித்தார்கள். எங்கள் வேலை இடத்தில் அதைப் பார்த்து அழுத அவுஸ்திரேலியர்கள் உண்டு.

அந்த வருடம் செப்டெம்பர் 11ஐ நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? டுபாயில் ஆசியக் கிண்ணம், பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்றது. இலங்கையில் நடந்திருக்க வேண்டிய போட்டி, நெருக்கடியால் அங்கே போனது. அது எல்லோருக்கும் தெரியும். அதே நாளில் சிங்கப்பூரில் நம் பெண்கள் வலைப்பந்தில் சிங்கப்பூரை 63க்கு 53 என்று வென்று ஆசியச் சம்பியனானார்கள். முதல் ஆட்டத்தை நான் கைத்தொலைபேசியில் தேடித்தேடிப் பார்த்தேன். இரண்டாவதை நள்ளிரவில் பெரிய டீவியில் பார்த்தேன். பெண்களின் ஆட்டம் எப்போதும் அந்தச் சின்னத் திரையில்தான்.

அந்த அணியின் தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. யாழ்ப்பாணத்துப் பெண், ஆறு அடி பத்து அங்குலம். சிறுவயதில் உயரத்துக்காகக் கேலி செய்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். 2018 இறுதியிலும் சிங்கப்பூரைத்தான் 69க்கு 50 என்று வென்றார்கள். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் அதிக கோல் போட்டவர் அவர். அவர் மெல்பேர்ணில் சிட்டி வெஸ்ட் ஃபால்கன்ஸ் கழகத்துக்காக ஆடிய காலத்தில் நாங்கள் சில பழைய மாணவிகள் வேலை முடிந்து பார்க்கப் போனோம். பந்து உயரத்தில் வரும், அவர் கையைத் தூக்குவார், மற்றவர்களுக்கு அது வானம், அவருக்குப் பரண். எனக்குப் பக்கத்தில் இருந்த அவுஸ்திரேலியப் பெண்மணி, “இவர் எந்த ஊர்?” என்று கேட்டார். “எங்கள் ஊர்” என்றேன். பதுளைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் எத்தனை மைல், எத்தனை பேச்சு இருக்கிறது என்று அவருக்கு எதற்கு?

உதைபந்தாட்டத்தில் இப்போது நடப்பது இன்னும் வேடிக்கை. உலகத் தரவரிசையின் அடிவாரத்தில் கிடக்கும் அணி நம்முடையது. 2023 ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஃபீஃபாவின் தடைகூட இருந்தது. அந்த அணிக்கு இன்று வெளிநாட்டில் பிறந்த, வளர்ந்த பிள்ளைகள் வந்து ஆடுகிறார்கள். பிறிஸ்பேன் ரோர் கழகத்தில் நெடுங்காலம் ஆடிய ஜாக் ஹிங்கர்ட் ஒருவர். சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன் ஒருவர். 2024 செப்டெம்பரில் கம்போடியாவை அவர்கள் மண்ணில் பெனால்டியில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் மேலே போனார்கள். என் மகன் அதைப் பார்த்துவிட்டு, “அம்மா, சுவீடன்காரன் இலங்கைக்கு ஏன் ஆடுகிறான்?” என்று கேட்டான். அவனுடைய அப்பா அம்மா முப்பது வருடம் டீவி பார்த்திருப்பார்கள், அதனால்தான் என்றேன். அவன் சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சரி, இப்போது நான் வந்த விடயம்.

இத்தனை வருடம், இத்தனை ஆட்டம். கண்டியைப் பார்த்தேன், யாழ்ப்பாணத்தைப் பார்த்தேன், சுவீடனைக்கூடப் பார்த்தேன். ஊவாவின் தோட்டத்துப் பெண் பிள்ளை ஒருத்தியை அந்தத் திரையில் நான் பார்க்கவில்லை. திறமை இல்லாமலா? நமுனுகுலை ஏறி இறங்கும் கால்கள் அவை. காரணம் உங்களுக்கே தெரியும். பாடசாலை முடிந்து பயிற்சி தொடங்கினால் லுணுகலைக்கும் மடுல்சீமைக்கும் போகும் கடைசி பஸ் போய்விடும். பஸ் போனால் அந்தப் பிள்ளை மறுநாள் பயிற்சிக்கு வர மாட்டாள், வீட்டில் விட மாட்டார்கள். வலய மட்டத்தில் வென்றால் மாகாண மட்டம், மாகாணத்தில் வென்றால் தேசிய மட்டம். ஒவ்வொரு படிக்கும் பயணச் செலவு, சப்பாத்து, ஒரு ஆசிரியையின் சனிக்கிழமை. தரை இன்னும் அந்தக் கூழாங்கல் தரைதான். இன்று காலையில் போய் மிதித்துப் பார்த்தேன்.

நூற்றாண்டு நினைவாக முன்வாசலில் வளைவு ஒன்று கட்ட வெளிநாட்டுக் கிளைகளிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். வளைவு அழகாகத்தான் இருக்கும், என் பெயரும் கல்லில் வரும். ஆனால் மெல்பேர்ண் கிளை கூடிப் பேசி, எங்கள் பங்கைத் தரைக்குக் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். ஒரு வலைப்பந்துத் திடல் 30.5 மீற்றர் நீளம், 15.25 மீற்றர் அகலம், வளையம் 3.05 மீற்றர் உயரம். நம் மழைக்குத் தண்ணீர் வடியும்படி சரிவு வைத்துச் சீமெந்துத் தரை போட வேண்டும், வடிகால் வெட்டாமல் போட்டால் இரண்டாம் வருடமே வெடித்துவிடும். இது பொறியியலாளரான நம் தங்கை ஒருத்தி சொன்னது. அதோடு பயிற்சி நாட்களில் தோட்டத்துப் பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விட வான் கூலி. தரையைவிட இதுதான் முக்கியம் என்பேன். தரை ஒரு தடவைச் செலவு, வான் மாதாமாதம் ஓட வேண்டும். மற்றக் கிளைகள் இதைப் பற்றி யோசியுங்கள்.

இன்னொன்று. போன மாதம், நம் விளையாட்டு ஆசிரியை ஒரு நட்பு ஆட்டத்தைக் கைத்தொலைபேசியில் எங்களுக்கு நேரடியாகக் காட்டினார். நாங்கள் நால்வர் ஒரு வீட்டில் கூடி, அதை டீவியில் இணைத்துப் பார்த்தோம். பாதி நேரம் சிக்னல் இல்லை. கொஞ்ச நேரம் யாரோ ஒருவரின் கட்டைவிரல் தெரிந்தது. காற்று கெமராவுக்குள்ளேயே அடித்தது. எத்தனைக்கு எத்தனை என்று கடைசி வரைக்கும் எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு பிள்ளை, “அக்கா, இங்க! இங்க!” என்று பந்து கேட்டுக் கத்தினாள். அந்தக் குரல் பசறைக் குரல். உலகக் கிண்ண இறுதிக்கு எழுந்து நின்றவர்கள், அந்த நட்பு ஆட்டத்துக்கும் எழுந்து நின்றோம்.

பெண் பிள்ளைகளின் படத்தை இணையத்தில் விடுவது பற்றி அதிபர் அவர்களுக்கு உள்ள கவலை நியாயமானது. எனக்கும் உண்டு. அதனால் திறந்த ஒளிபரப்பு வேண்டாம். பெற்றோர் எழுத்தில் சம்மதித்த பிள்ளைகள் மட்டும், சங்கத்தில் பதிந்த அங்கத்தவர்களுக்கு மட்டும் இணைப்பு, ஆட்டம் முடிந்ததும் அழித்துவிடுவது. கைத்தொலைபேசியை நிறுத்தி வைக்க ஒரு தாங்கியும், காற்றுச் சத்தத்தைத் தடுக்கும் ஒரு சின்ன ஒலிவாங்கியும் இன்றைக்கு என் பெட்டியில் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் ஆசிரியையிடம் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவேன்.

இல்லங்களுக்கிடையிலான வலைப்பந்து இறுதி ஆட்டம் ஜூலையில், ஒரு சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. மெல்பேர்ணில் அப்போது இரவு ஏழரை, எங்களுக்கு வசதி. இலண்டனில் காலை பத்தரை. டொரொன்டோ அக்காமாருக்குத்தான் கஷ்டம், அதிகாலை ஐந்தரை, அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரியில் அத்தையின் பேத்திகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இந்தப் பாடசாலையைக் கண்ணால் கண்டதில்லை, ஆனால் பார்க்க வேண்டும் என்கிறார்கள். தலைவி அவர்கள் அனுமதித்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்வோம். அங்கேயும் அதே மூன்று மணிதான்.